அசலில் போன பணம்

வீட்டுக்கடன் தீர இன்னும் நாற்பத்திரண்டு மாதம் இருந்தபோது லிஃப்ட் மெக்கானிக்கின் வலது கை கப்பிக்கும் இரும்பு வடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. மிச்சமிருந்த இரண்டும் பேருக்குத்தான் விரல்கள்.

இருபது வருஷக் கடன் அது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்த அன்றே அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"இருபது வருஷமெல்லாம் கட்ட முடியாது. மாசா மாசம் தவணையோட கொஞ்சம் சேர்த்துக் கட்டினா அது நேரா அசல்ல போய்க் கழியும். அசல் குறைஞ்சா வட்டி தானா குறையும். பன்னெண்டு பதிமூணு வருஷத்துல வீடு நம்மளது."

சொன்னபடியே கட்டினார். முதல் வருஷம் தவணையில் பத்தில் ஒரு பங்கு அதிகமாக, பிறகு கால் பங்கு, ஓவர்டைம் கிடைத்த மாதங்களில் அதற்கும் மேலே. பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தார். செருப்பு பிய்ந்தால் தைத்தார், தைத்தது பிய்ந்தால் ஒட்டினார். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஆள் உயர மெஷின்களில் நூற்றுக்கணக்கான படுக்கை விரிப்புகளைத் துவைத்துவிட்டு வந்து, வீட்டில் குளியலறைத் தரையில் உட்கார்ந்து கையால் துவைப்பாள். "ஊர்த் துணிக்கெல்லாம் மெஷின், என் துணிக்கு மட்டும் என் முதுகு" என்பாள். மகள் ஒருபடி மேலே போனாள். "நம்ம வீட்டுல மொத்தம் நாலு பேர். நாலாவது ஆள் பேங்க். அவருக்குத்தான் நல்ல பசி." அவர் வாய்விட்டுச் சிரிப்பார். அடுத்த மாதமும் சேர்த்துக் கட்டுவார்.

சேமிப்பு என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. கையில் இருந்தால் கரைந்துவிடும், அசலில் போட்டால் யாராலும் தொட முடியாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு இல்லை. ஒன்பது வருஷம் கழித்து, தொட வேண்டிய நேரம் வந்தபோது அவராலும் தொட முடியவில்லை.

கம்பெனி, அவர் தங்கள் ஆள் இல்லை, காண்டிராக்டரின் ஆள் என்றது. காண்டிராக்டர் ஆபரேஷன் செலவையும் ஒரு மாதச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு போனை எடுக்கவில்லை. சலவைக்கூடச் சம்பளம் சாப்பாட்டுக்கும் மகளின் பள்ளிக்கும் மருந்துக்கும் சரியாகப் போயிற்று. கணக்கில் பணம் இல்லாமல் முதல் மாதத் தவணை திரும்பிவந்தது. இரண்டாவதும் திரும்பியது. மூன்றாவது மாதம் பதிவுத் தபால் வந்தது. அறுபது நாளுக்குள் பாக்கி முழுவதையும் அபராதத்தோடு கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கும் என்று இருந்தது. அவள் வாசற்படியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். அங்கேயே உட்கார்ந்து மூன்றாம் தடவை படித்தாள்.

பிறகு யார் யாரிடமோ கேட்டாள். அவள் அண்ணன் தன் கஷ்டத்தைச் சொல்லி முந்திக்கொண்டான். சலவைக்கூட மேற்பார்வையாளர் ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தந்தார். அபராதம் போக அது ஒரு தவணைக்குக்கூடப் போதவில்லை.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது, சமையலறைச் சுவரை யாரோ ஒருவர் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அளவு நாடா. கட்டுப்போட்ட கையை மடியில் தலையணை மேல் வைத்துக்கொண்டு கணவர் நாற்காலியில் இருந்தார்.

"யாரு இவர்?"

"புரோக்கர்" என்றார் கணவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பார்ட்டி ரெடியா இருக்குங்க" என்றார் புரோக்கர். "ஆனா அவசர விற்பனை பாருங்க, விலை கொஞ்சம் அடிபடும். கடன் போக ஒரு சின்னத் தொகை கையில நிக்கும்."

"எவ்வளவு சின்னது?"

அவர் சொன்னார். அவர்கள் ஒன்பது வருஷமாகக் கட்டியதில் பாதிகூட வராது.

"நாடாவைச் சுருட்டுங்க" என்றாள் அவள்.

புரோக்கர் போன பிறகு கணவர்தான் ஆரம்பித்தார்.

"ஜப்தி போர்டு மாட்டி வெளியே போறதுக்கு, நாமளே வித்துட்டுப் போறது மரியாதை."

"பேங்க்ல போய்க் கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது? பிச்சை போடுங்கன்னா?"

"முன்னாடியே அவ்வளவு கட்டியிருக்கோமே. அதுல மூணு மாசத்தைக் கழிச்சுக்கச் சொல்றது."

"கழிக்க மாட்டான். அது அட்வான்ஸ் இல்ல. எனக்குத் தெரியும்." குரல் உடைந்தது. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மாசம் ஒரு ஆயிரம் கையில வச்சிருந்தா..."

அவர் எழுந்து உள்ளே போய் இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் மாலை முழுவதும் அந்தக் கதவின் மேலேயே ஒரு காதை வைத்திருந்தாள். உள்ளே இருமல் கேட்டபோதெல்லாம் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு பேங்குக்குப் போனாள். கவுண்டரில் இருந்த இளைஞன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கணவர் சொன்னதையே சொன்னான்.

"மேல கட்டினது எல்லாம் அசல்ல போயிடுச்சும்மா. கடன் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். இந்த மாசத் தவணை இந்த மாசம் கட்டித்தான் ஆகணும்."

"அப்போ ஒன்பது வருஷமா நாங்க முந்தி இருக்கோம். மூணு மாசம் பிந்தினதுக்கு வீட்டை எடுத்துப்பீங்களா?"

அவன் அடுத்த டோக்கன் எண்ணை அழுத்தினான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வரிசை நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தாள். மதியம் ஆயிற்று. காவலாளி இரண்டு தடவை வந்து "யாரைப் பார்க்கணும்" என்று கேட்டார். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னாள். கூட்டம் வடிந்து ஷட்டரைப் பாதி இறக்கியபோது, கண்ணாடி அறையிலிருந்து கடன் பிரிவு அதிகாரி வெளியே வந்தாள். இவள் வயதுதான் இருக்கும்.

"காலையில இருந்து இருக்கீங்களே. என்ன விஷயம்?"

தபாலை நீட்டியபோது அழுகை வந்தது. அதிகாரி அவளை உள்ளே உட்காரவைத்துத் திரையை வெகு நேரம் பார்த்தாள்.

"மாசா மாசம் சேர்த்துக் கட்டியிருக்கீங்க. ஒரு மாசம்கூட விடல."

"அதனால என்னங்க பிரயோஜனம்."

"இருக்கு. இப்போ பாக்கி அசல் ரொம்பக் கம்மி. ஆனா தவணை மட்டும் பழைய தவணையாவே ஓடிட்டிருக்கு. இந்த அசலை ஒப்பந்தத்துல மிச்சமிருக்கற வருஷத்துக்கு மறுபடி பிரிச்சுப் போட்டா தவணை பாதியளவுக்கு இறங்கும். விட்டுப்போன மூணு மாசத்தையும் அதுலயே சேர்த்துடலாம். மேலிடத்துல அனுமதி வாங்கித் தர்றேன்."

"எவ்வளவு வருஷம்?"

"பதினோரு வருஷம். முதல்ல போட்ட தேதிக்கே போயிடும்."

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். சலவைக்கூடச் சம்பளத்தில் பாதித் தவணை போனாலும் அடுப்பு எரியும். கஷ்டப்பட்டு எரியும்.

"ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடணும்" என்றாள் அதிகாரி.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் முடியாது என்றார். கத்தவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நாற்பத்திரண்டு மாசம். அதைத் திரும்பப் பதினோரு வருஷமாக்கறதா? அப்போ நான் நடந்தது, நீ துவைச்சது, பாப்பா கேட்டதெல்லாம் இல்லன்னது, எல்லாம் எதுக்கு?"

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பணத்தை ஒன்பது வருஷமா நான் மனசுக்குள்ள திட்டியிருக்கேன். ஒவ்வொரு மாசமும். இன்னிக்கு அந்த அம்மா சொன்னப்பதான் புரிஞ்சது. நீங்க சேர்த்துக் கட்டாம இருந்திருந்தா தவணை குறையாது. குறைக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இருந்திருக்காது. நாம இப்போ பெட்டியைக் கட்டிட்டிருப்போம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முந்திப் போகணும்னு கட்டினீங்க. அது விழாம நிக்க உதவுது. போதாதா?"

அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "எதை வச்சுக் கையெழுத்துப் போடறது?"

அன்றிலிருந்து நான்கு நாள் அவர் மகளின் பழைய நோட்டில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பார்த்தார். ஐந்தாம் நாள் பேங்கில் அந்தக் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை. அதிகாரி சங்கடத்தோடு மைப்பெட்டியை நகர்த்தினாள்.

"பெருவிரல் ரேகை வைக்கலாம் சார். ரெண்டு சாட்சி போதும்."

தலையணை தடிமனுக்கு இருக்கும் மின்சுற்று வரைபடங்களை ஒரே பார்வையில் படித்துவிடும் மனிதர் அவர். மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒன்றை அவரே செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் இடது பெருவிரலை மையில் அழுத்தி, ஏழு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக வைத்தார். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் அவர் அழுதார். விபத்து நடந்த நாளிலிருந்து அழாதவர். அவள் மற்றவர்கள் கண்ணில் படாதபடி அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார்கள்.

மேலிடத்து அனுமதி வர மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் வாசலில் தபால்காரர் சைக்கிள் நின்றாலே அவள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அனுமதி வந்தது. எட்டு மாதம் கழித்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்ட் பழுதானால் ஆளை அழைத்து மேற்பார்வை பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. தவணை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி போய்விடுகிறது. கடன் எப்போது தீரும் என்று அந்த வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. ஐந்தாம் தேதி காலையில் மட்டும் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பணம் போன செய்தி வரும்வரை காபியைத் தொடமாட்டார்.