முந்தி ஓடும் கண்கள்

திரையில் பச்சைப் புள்ளி அங்குமிங்கும் தாவும். கண்ணால் அதைத் துரத்த வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் கண் ஓடும் விதம் வேறாம். அதை வைத்தே இந்தப் பெட்டி ஆளைச் சொல்லிவிடுமாம். ரிஹாமை இரண்டு முறை சோதித்துவிட்டு, இவள் ரிஹாமே இல்லை என்றது.

"இன்னும் ஒரே தடவைதான். அப்புறம் உங்க விசா ஃபைலை மூடிடுவேன்," என்றாள் அதிகாரி ஃபாத்தின்.

மூடினால் ஜெர்மனியில் இருக்கும் புருஷனிடம் போக முடியாது. மடியில் இருக்கும் பிள்ளையை அவன் இன்னும் தொட்டதுகூட இல்லை.

பின்னால் நின்ற தங்கை ஹனாதிக்குத்தான் காரணம் தெரியும். இரண்டு வருடம் முன்பு, அகதி முகாமில் பதிவுக்குக் கடைசி நாளன்று, அக்காவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. முகத்திரைக்குள் யார் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ரிஹாம் என்று சொல்லி இவள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பதிவதே கண்ணைத்தான் என்று. எழுந்து ஓடவா முடியும்? அதே கண்ணோடு தன் பெயரைப் பதியப் பயந்து, மாதாமாதம் அக்கா பெயரில் இவளே ரேஷன் வாங்கி, இருவரும் ஒரே பங்கைத் தின்றார்கள்.

இன்று அக்காவின் முகத்திரையை விலக்கி, பாஸ்போர்ட் படத்தோடு ஒத்துப் பார்த்தாகிவிட்டது. இனி ஆள் மாற முடியாது. ஒரு வாரமாகச் சுவரில் விரலை ஓட்டி, தன் கண்போல ஓட அக்காவைப் பழக்கியதும் வீண்.

"புள்ளி போறதுக்கு முந்தியே நீ போயிடணும்க்கா," என்று அப்போது சொல்லிப் பார்த்தாள்.

"உனக்குத்தான்டி எல்லாத்துலயும் அவசரம். என் கண்ணு அசமந்தம், அது எங்க ஓடும்?"

ரிஹாம் மூன்றாம் முறைக்கு நிமிர்ந்தாள். கன்னத்தில் வியர்வை.

"நிறுத்துங்க மேடம்! அதுல இருக்கறது என் கண்ணு," என்று முன்னால் வந்தாள் ஹனாதி.

ஃபாத்தின் அவளை உட்கார வைத்தாள். புள்ளி தாவுமுன் ஹனாதியின் கண் தாவியது. திரையில் ரிஹாம் என்று பெயர் விழுந்தது.

பிள்ளையின் பிறப்புச் சீட்டில் பதிவு நாளின் அதே தேதியைப் பார்த்து ஃபாத்தின் பெருமூச்சு விட்டாள். "உங்கக்கா கண்ணைப் புதுசா எடுத்துக்கறேன். ஆனா பழையதைப் பொய்ப் பதிவுன்னு எழுதணும். எழுதினா, உன் கண்ணை இனி எந்தப் பேர்லயும் ஏத்துக்க மாட்டாங்க. ரேஷன் இல்ல, விசா இல்ல, உனக்குன்னு…"

"வேண்டாம்டி!" என்று அலறினாள் ரிஹாம்.

"எழுதுங்க மேடம்," என்றாள் ஹனாதி, அதிகாரி முடிக்கும் முன்பே.

மறு வாரம் முகாம் வாசலில் ரிஹாம் பேருந்தின் சன்னலில் பிள்ளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. ஹனாதியின் கண் மட்டும் அதற்கு முந்தி, சாலை திரும்பி மறையும் இடத்துக்குப் போய் நின்றது.