மூன்று மாதச் சராசரி

என் மகளுக்கு என் சர்க்கரைமேல் கொள்ளை அக்கறை. என்மேல் இருப்பதாகத் தெரியவில்லை. தினமும் காலை ஏழரைக்கு போன் வரும். எவ்வளவு என்று கேட்பாள், ஓர் எண்ணைச் சொல்வேன். நோட்டில் எழுதியாயிற்றா என்பாள், ஆயிற்று என்பேன். உடனே வைத்துவிடுவாள். பேப்பர்காரர்கூட என்னிடம் இதைவிட நாலு வார்த்தை அதிகம் பேசுவார்.

முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ஏறி கரண்ட் ரீடிங் எடுத்தவன் நான். ஆபீஸில் எனக்கு சிடுமூஞ்சி என்று பட்டப்பெயர். நாயை அவிழ்த்துவிடும் வீட்டு வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டா நிற்க முடியும்? வீடு பூட்டியிருந்தால் முந்தைய மூன்று மாதச் சராசரியை எழுதிவிட்டு நடையைக் கட்டுவோம். ஆபீஸ் விதியே அதுதான்.

நோட்டிலும் அதையே செய்தேன். என் மனைவி போய் எட்டு மாதமாகிறது. அதற்கப்புறம் என் விரலில் ஊசி படவில்லை. அவள் இருந்த காலத்துச் சராசரியை வைத்துக்கொண்டு 128, 134, 131 என்று முன்னே பின்னே எழுதிவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கூட்டிப் போட்டேன், நம்பும்படி இருக்க வேண்டுமே. காலை நடை நின்றுபோனது. மூன்று வேளையும் ரொட்டியும் சர்க்கரை போட்ட டீயும்தான். மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு.

நேற்று மகள் லீவு போட்டுவிட்டு வந்து என்னை டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் அவளைவிடச் சின்னப் பெண். நோட்டைப் புரட்டிவிட்டு, இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதுவதில்லை என்று மெச்சினார். மகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்புறம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரித்தார். மூன்று மாதமாகச் சர்க்கரை சராசரியாக எவ்வளவு இருந்தது என்று ரத்தமே சொல்லிவிடுமாம். இருநூற்று எண்பது. சராசரி எழுதியே காலம் தள்ளியவனைச் சராசரியே காட்டிக்கொடுத்தது.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் பழுதாயிருக்கும் என்றார் டாக்டர். பாவம், என்னை நம்பினார். மகள் பையிலிருந்து மெஷினை எடுத்துப் பட்டனை அமுக்கினாள். பழைய அளவெல்லாம் தேதியோடு அதற்குள் கிடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை பேரின் மீட்டர் திருட்டைப் பிடித்தவன் நான்! கடைசித் தேதியைப் பார்த்ததும் அவள் கை நின்றது. அது அவள் அம்மா இறந்த நாள், அன்று காலை எடுத்த அளவு.

இனி இன்சுலின்தான், இப்படியே விட்டால் கண் போகும், இல்லை கிட்னி போகும் என்றார் டாக்டர். தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். அது உங்கள் வேலை இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே வராந்தாவில் மகள் வழிமறித்தாள். "எட்டு மாசமா என்னை ஏமாத்தியிருக்கீங்க. ஏம்ப்பா?"

நான் போட்ட சத்தத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "நீ நம்பரைக் கேட்ட, நம்பரைக் குடுத்தேன். ஒரு நாளாவது சாப்டீங்களான்னு கேட்டியா? உங்கம்மா அடுப்படியிலேருந்து எவ்வளவுன்னு கேப்பா. கூடியிருந்தா திட்டுவா. திட்ட ஆளில்லாத வீட்ல யாருக்கு வேணும் அந்த நம்பர்?"

அழுவாள் என்று நினைத்தேன். சிடுமூஞ்சி பெற்ற பிள்ளை அழுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும்தாம்ப்பா அம்மா செத்தாங்க. சாப்டீங்களான்னு கேட்டா, யார் சமைச்சதுன்னு கேக்கத் தோணும். அழுதுடுவேன். அப்புறம் எப்படி வேலைக்குப் போறது? நம்பர்னா அழாம கேக்கலாம்."

எட்டு மாதமாக நானும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. எண்ணைச் சொல்லிவிட்டு, எப்போது வைப்பாள் என்றுதான் காத்திருந்திருக்கிறேன். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"நீ சாப்டியா?" என்றேன். அதுகூடச் சண்டைக்கு இழுப்பதுபோலத்தான் வந்தது.

"இல்ல" என்றாள், என்னைவிடக் கோபமாக.