அம்மாவிடம் இருக்கிறாள்

மூன்று மணிப் படகில் புருஷனைக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அவள் அந்தத் தீவுக்கு வந்ததே அதற்காகத்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவளுக்கு ஒரு நாள் லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்த நாளில் கடல் பார்க்கவும் கல் வீடு பார்க்கவும் அவளுக்கென்ன தலையெழுத்தா.

படகில் கூட வந்த பதினான்கு பேரும் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். கரையிலிருந்து மேடேறினால் நாற்பது கல் வீடுகள், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி. மீனவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. விசைப்படகு நிறுத்தத் தோதாகத் தீவின் மறுபக்கம் போய்விட்டார்கள். பழைய ஊரை அரசாங்கம் எடுத்து, வாசலில் ஒரு டிக்கெட் ஜன்னல் வைத்திருந்தது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் குடையோடு நின்ற கைடுதான் அவள் புருஷன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால், லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவன். இரண்டு மாதத்துக்கு ஒரு போன் வரும். "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா," அவ்வளவுதான்.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி செத்தது. பிறகு குடையைத் தூக்கினான். "எல்லாரும் வந்தாச்சா? தலைய எண்ணிக்கிறேன். போகும்போது ஒன்னு குறைஞ்சா என்னையத்தான் கேப்பாங்க." பதினைந்து என்றான். அவளையும் ஒரு தலையாகச் சேர்த்துக்கொண்டான்.

வேலை நேரத்தில் மானத்தை வாங்க வேண்டாம் என்று அவளும் கூட்டத்தோடு நடந்தாள்.

"கூரையப் பாருங்க. ஓட்டு மேல கல்லு வெச்சிருக்காங்களா? பூசலை, ஆணி அடிக்கலை, வெறும் கல்லுதான். எதுக்கு?"

"காத்துக்கு," என்றார் தொப்பி போட்ட ஒரு பெரியவர்.

"பாதி சரிண்ணே. மீதி, பொண்டாட்டி போடுற சத்தத்துக்கு."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கடைசி ஒன்றரை வருஷம் வீட்டில் இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். இங்கே வந்து சோளம் பொரிகிற மாதிரிப் பேசுகிறான்.

ஒரு வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார்கள். ஒற்றை அறை. முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர். ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு தட்டு அளவுக்கு ஜன்னல்.

"கடல்ல வர்ற திருடன் உள்ள எட்டிப் பாக்கக் கூடாதுன்னு இவ்வளவு உசரத்துல வெச்சாங்க," என்றான் அவன். "இத என் பொண்ணுகிட்ட சொன்னேன். அப்ப உள்ள இருக்கிற பாப்பா எப்படிப்பா கடலப் பாக்கும்னு கேட்டா. நான் முழிச்சேன். அப்பாவுக்குத் தோளு எதுக்கு இருக்குன்னு அவளே சொல்லிட்டா."

"கெட்டிக்காரி," என்றார் தொப்பிக்காரர். "என்ன படிக்கிறா?"

"ஆறாவதுண்ணே. வாய் ஓயாது, சில்வண்டுன்னுதான் கூப்பிடுவோம். ஊர்ல அம்மாகிட்ட இருக்கா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சில்வண்டு இந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. இரண்டாம் வகுப்போடு அவள் கதை முடிந்துவிட்டது. நான்கு வருஷம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் இவள் சலவைக்கூடத்தில் இருந்தாள், அவன் வீட்டில் இருந்தான். சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்துப் படுக்க வைத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது. "நீங்கதானே வீட்ல இருந்தீங்க?" என்று அவள் கேட்டது ஒரே ஒரு தடவை. இரண்டாம் தடவை கேட்கத் தேவையே இருக்கவில்லை.

சுற்றிக் காட்டி முடித்ததும் கூட்டம் டீக்கடைக்குப் போனது. வலை காயப்போடும் கல் மேடைக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள்.

"எளச்சுட்ட," என்றான் அவன்.

"ஆறாவதா படிக்கிறா?"

அவன் குடையை மடக்கினான். "எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நினைக்காத. எல்லாம் தெரியும். வந்த புதுசுல ஒரு அம்மா பிள்ளை இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு வாய் சொல்லிடுச்சு. என்ன படிக்குதுன்னாங்க, நாலாவதுன்னேன். அந்த வயசுதானே அப்ப. அடுத்த வருஷம் கேட்டாங்க. ஒரு கிளாஸ் ஏத்தித்தானே ஆகணும். பெயிலாக்க முடியுமா?"

"அதான் இங்கயே கெடக்கீங்க."

"ஒரு நாளைக்கு நாலு கூட்டம். நாலு தடவ அவளப் பத்திப் பேசுறேன். வீட்ல யாருகிட்ட பேசுறது? நீ சுவத்தப் பாத்து உக்காந்திருப்ப, நான் உன்னப் பாத்து உக்காந்திருப்பேன்."

"பேசுவோம். இனிமே பேசுவோம். கிளம்புங்க."

"அந்த வீட்டுக்குள்ள வந்தா அவ இல்ல."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இதற்கும் ஒரு வழி யோசித்து வைத்துத்தான் வந்திருந்தாள். "சரி, நான் இங்க வந்துடறேன். இந்தத் தீவுல துணி துவைக்க ஆள் வேணாமா? ரெண்டு பேரும் இங்கயே இருப்போம்."

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"நீ இங்க வந்துட்டா," என்றான், "அவ யாருகிட்ட இருப்பா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. ஊரில் அம்மாகிட்ட இருக்கா என்று அவன் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"அப்ப எனக்கு?" என்றாள். "நான் வேலை முடிஞ்சு போய்க் கதவத் திறந்தா, அங்க எந்தப் பிள்ளை இருக்கு? அத யோசிச்சீங்களா?"

அவன் குடைக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான். யோசித்திருக்கவில்லை என்று முகமே சொன்னது.

அந்த நேரம் பார்த்து டிக்கெட் ஜன்னல் அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "ரெண்டரை மணி கூட்டம் நிக்குது, நீ இங்க கதை அளந்துட்டு இருக்கியா? யாருப்பா இது?"

"வீட்டுக்காரிக்கா."

"அட, சில்வண்டோட அம்மாவா?" அக்கா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்குப் பொழுது போறதே உன் பொண்ணாலதாம்மா. பல்லு விழுந்தது, பாட்டுப் போட்டியில வரி மறந்தது, எல்லாம் அத்துப்படி. ஏன், பிள்ளையக் கூட்டிட்டு வரலியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை செத்து நாலு வருஷமாச்சு அக்கா. இந்த மேட்டில் அவன் கட்டி வைத்தது மொத்தமும் சரிந்துவிடும். அப்புறம் அவன் இங்கே யார் முகத்தில் விழிப்பான்? படகைத் தவிர வேறு போக்கிடம் இருக்காது. மூன்று மணிக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கெஞ்சவில்லை, கண்ஜாடை காட்டவில்லை. அடி விழட்டும் என்று நிற்கிறவனைப் போலக் குனிந்து நின்றான்.

"பரீட்சைக்கா," என்றாள்.

"அடடா. யாரு பாத்துக்கிறாங்க?"

"பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தேன். மூணு மணிப் படகப் பிடிச்சாதான் பொழுது சாயறதுக்குள்ள போக முடியும்."

"அப்ப நின்னு பேசாதம்மா, கிளம்பு. பிள்ளை தேடும்." அக்கா அவள் முதுகில் கை வைத்துப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

அவன் "பாத்துப் போ," என்றான். அடுத்த கூட்டம் குடையைத் தேடிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு இன்னும் அரை மணி இருந்தது. மெதுவாகவே இறங்கியிருக்கலாம். ஆனால் அக்கா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய் நிதானமாக நடக்க முடியாது. அவள் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். எதிரே ஏறி வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

படகுக்காரர் பலகையைப் போட்டு, கை கொடுத்து ஏற்றிவிட்டார். அவளுக்கு இரைத்தது, நெற்றி முழுக்க வியர்வை.

"மேலேருந்து அந்தம்மா கத்துனாங்க, பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கீங்கன்னு," என்றார். "ஏம்மா இவ்வளவு பதட்டம்? பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லண்ணே," என்றாள். "நல்லா இருக்கா."