கவர்னர் எழுதாத வரி

1.

இந்தக் கதை ஒரு மடித்த கடிதத்திலிருந்து வந்தது. அயோவாவில், எங்கள் ஊர்ச் சர்ச்சின் கீழ்த்தளத்தில், ஒரு பெண்மணி அதைக் கைப்பையிலிருந்து எடுத்தார். யாரிடமும் காட்டாமல் திரும்ப வைத்துக்கொண்டார். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘முன்னாள் கவர்னர் லோவெல் ஸ்வென்சன் ஜனாதிபதியாக ஆசைப்பட்ட அந்தக் குளிர்காலத்தில்’—

வேண்டாம். கட்சி வேட்பாளருக்கான முதல் ஓட்டு எங்கள் மாநிலத்தில் என்பதால், ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊருக்கு வந்துதான் போகிறார்கள். கதையும் அவருடையது அல்ல, ஆர்டிஸுடையது.

2.

நெப்ராஸ்காவில் அவர் கவர்னராக இருந்த எட்டு வருஷமும் அவர் பெயரில் கடிதம் எழுதியவள் ஆர்டிஸ். வாழ்த்துக்கும் நன்றிக்கும் அச்சடித்த படிவம் உண்டு. துக்கக் கடிதத்தை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவாள். கையெழுத்தை ஒரு இயந்திரம் போடும். நிஜப் பேனாவைச் செருகிவிட்டால் அவர் போடுவதுபோலவே சுழித்துப் போடும். அவர் எதையும் படித்ததில்லை.

(ஆர்டிஸுக்கும் ஒரு துக்கம் கொடுத்துப் பார்த்தேன். தம்பி, உறைந்த ஏரி, என்று ஒரு பத்தி. அடித்துவிட்டேன். அடுத்தவர் துக்கத்தை எழுதச் சொந்தத் துக்கம் வேண்டுமென்று யார் சொன்னது?)

இப்போது அவர் ஜனாதிபதிப் போட்டிக்காக எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஆதரவு கேட்டு நிற்கிறார். ஆர்டிஸ் கூடவே வந்திருக்கிறாள், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்.

3.

“உங்கள ரெண்டு தடவதான் பாத்திருக்கேன், கவர்னர்,” என்றார் சோள விவசாயி மெர்ல். “மூணு தடவ கை குடுக்காம நான் யாருக்கும் ஓட்டுப் போட்டதில்ல.”

“வெளிய போயிட்டு மறுபடி உள்ள வரட்டுமா, மெர்ல்?”

எல்லோரும் சிரித்தார்கள். (இந்தப் பதிலை அவருக்கு எழுதிக்கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

நோரீன் எழுந்தாள். முன்பு நெப்ராஸ்காவில் குடியிருந்தபோது அவள் மகன் தானியக் குதிருக்குள் விழுந்து செத்துப்போனான்.

“எம் பையன் போனப்ப நீங்க எனக்கு லெட்டர் போட்டீங்க. மெஷின் கையெழுத்தா இருக்கும்னாரு எங்க வீட்டுக்காரரு. விரல எச்சில் பண்ணித் தேச்சுப் பாத்தேன். மை கலைஞ்சுது, நிஜப் பேனாதான். எனக்காக ஒரு மனுஷன் உக்காந்து எழுதியிருக்காருன்னு நெனச்சுதான் அந்த வருஷத்தத் தாண்டினேன்.” கடிதத்தைப் பிரிக்காமல் பிடித்துக்கொண்டாள். “இந்த மாவட்டம் பூரா வீடு வீடாப் போய் உங்களுக்காகப் பேசறேன். கடைசி வரிய மட்டும் ஒரு தடவ சொல்லுங்க.”

“என்ன நோரீன், அவருக்குப் பரீட்சையா?” என்றார் மெர்ல்.

“பரீட்சை இல்ல மெர்ல். அவர் வாயால கேக்கணும்னு ஆசை.”

4.

முடிவு ஒன்று: ஆர்டிஸ் தூரத்திலிருந்து உதட்டசைக்கிறாள். அதைப் பார்த்துக் கவர்னர் சொல்லிவிடுகிறார். நோரீன் அழ, கூட்டம் கைதட்ட— இந்த இடத்தில் எனக்கே கை கூசியது.

முடிவு இரண்டு: “எழுதினது நான் இல்ல, ஆர்டிஸ்,” என்கிறார். நேர்மைதான். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போய் நோரீன் அந்தக் காகிதத்தை எங்கே வைப்பாள்?

முடிவு மூன்று: ஆர்டிஸே முன்னால் வந்து— வரமாட்டாள். ஒரு கடிதத்தில்கூடத் தன் பெயரைப் போடாதவள்.

5.

எனக்குத் தெரியாத அந்த வரியை நானே எழுதவேண்டியதாயிற்று: ‘அவன் அறையை ஒழுங்குபடுத்த வேண்டாம்; கதவைச் சாத்தி வையுங்கள், திறக்கத் தோன்றும் நாளில் திறந்தால் போதும்.’

கதைக்குள் இந்த வரி இப்போது மூன்று பேருக்குத் தெரியும்: நோரீன், ஆர்டிஸ், நீங்கள்.

நோரீன் காத்திருக்கிறாள். ஆர்டிஸ் தலை நிமிரவில்லை. கோப்பை நிரம்பியும் காபிப் பாத்திரத்தின் குழாயை மூடவில்லை. கவர்னர் சிரித்த முகம் மாறாமல், யாராவது எடுத்துக்கொடுக்கமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

உங்கள் முகத்துக்கு வந்துவிட்டார்.