ஐந்நூற்று எண்பது கிலோ

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானம் மூடிக் கிடந்தது, காற்று இல்லை, மழை வரும் என்று நம்பவும் இடமில்லை. நான்காம் தளத்துப் பால்கனியில், ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர் கடைசித் திருகை முறுக்கிவிட்டு, பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. திருப்பி வைத்தார். அப்போதும் நடுவில்தான் நின்றது.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், முக்காலடி ஆழம் கொண்ட மரத்தொட்டி. உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு மூலையில் துளை. துளையிலிருந்து ஒரு குழாய். குழாயின் முடிவில் வாளி. நான்கு கால்களையும் அவர் உயர்த்தி வைத்ததற்குக் காரணம் ஒன்றே. தொட்டிக்கு அடியில் அவர் மனைவியின் சக்கர நாற்காலி நுழைய வேண்டும். உட்கார்ந்தபடியே அவள் மண்ணைத் தொட வேண்டும்.

சென்ற ஏப்ரலில் குளியலறையில் வழுக்கி விழுந்தவளுக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வு போயிற்று. பால்கனித் தரையில் அவள் வளர்த்த இருபத்திரண்டு சட்டிகளும் அவள் கண்ணெதிரே, கைக்கெட்டாமல், ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அவர் தண்ணீர் ஊற்றாமல் இல்லை. அளவுக்குவளையால் அளந்து, எல்லாச் செடிக்கும் ஒரே அளவாக ஊற்றினார். சில அழுகிச் செத்தன. சில வாடிச் செத்தன. கடைசிச் சட்டியும் வெறுமையான அன்று அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு எதையும் கேட்டதில்லை. பிப்ரவரியில் ஒருநாள்தான், சுவரைப் பார்த்தபடியே, மண் கைக்கு எட்டுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்றாள். மறுநாளே பலகை வந்தது. அதே நாள் அவள் ஒரு முட்டை அட்டையில் பன்னிரண்டு தக்காளி விதைகளை ஊன்றி, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

அத்துடன் மண்ணை நிரப்பியிருந்தால் கதையே இல்லை. அந்தக் கட்டடத்தில் யாரும் எதற்கும் அனுமதி கேட்டு அறியார்கள். ஐந்தாம் தளத்துக்காரர் ஹாலில் வைத்திருந்த மீன்தொட்டியில் ஓர் ஆளே படுத்துக் குளிக்கலாம்; அதைத் தூக்கிவந்த எட்டுப் பேரைத் தவிர அதன் எடையைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. ஆனால் ஆய்வாளர் முப்பத்தோராண்டு பாரச் சான்றிதழில் கையெழுத்திட்டவர். குடிவந்த நாளன்றே, லிஃப்டில் ஏறியவர்களைக் கணக்குப் பார்த்து இரண்டு பேரை இறக்கிவிட்டவர். அன்றுமுதல் கட்டடத்தில் அவருக்குக் ‘கிலோ சார்’ என்று பெயர்.

தொட்டி முடிந்த அன்று மாலையே கிலோ சார் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார். நனைந்த தோட்டமண் முந்நூற்று அறுபது, மரம் நாற்பது, பாதுகாப்புக்காகக் கால் பங்கு கூட்டி, ஐந்நூறு, நாற்காலியோடு மனைவி எண்பது. ஆக ஐந்நூற்று எண்பது கிலோ. தொட்டியில் அவர் நிரப்ப நினைத்தது தோட்டமண்ணே அன்று. தேங்காய் நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த கலவை. நனைந்தாலும் அதில் பாதி எடைக்கும் குறைவுதான். ஆயினும் எது வரக்கூடுமோ அதில் மிகக் கேடானதைத்தான் கணக்கில் எழுத வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். கையெழுத்திட்டு, தேதியிட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

எட்டு நாள் கழித்துச் சங்கச் செயலாளர் அவரைத் தம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்தார். கட்டியவர்கள் கொடுத்த பழைய தாள் ஒன்று அகப்பட்டிருந்தது. ஒரு பால்கனிக்கு நானூறு கிலோவே உச்சம் என்று அதில் அச்சிட்டிருந்தது.

“சும்மா கெடந்த சங்கை ஊதிட்டீங்களே சார்,” என்றார் செயலாளர், ஒரு கண்ணாடியைத் துடைத்தபடி. “கேக்காம வச்சிருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. நானூறுக்குள்ள ஒரு நம்பர் போட்டுக் குடுங்க. கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

முப்பத்தோராண்டும் இதே குரலைத்தான் அவர் கேட்டிருந்தார். ஒப்பந்தக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்து, நாற்காலி இழுத்துப் போட்டு, இதே கனிவோடுதான் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே இவருக்கும் சொன்னார். கையெழுத்துப் போட்ட எண்ணை நான் திருத்துவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை ஒரு வெற்றியைப் போலச் சொன்னார். அவள் நாற்றுகளின் அட்டையை மடியில் வைத்திருந்தாள். போதிய வெளிச்சமில்லாமல் அவை நூலாக நீண்டு, ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

“குறைச்சு எழுதினா பொய்யாங்க?”

“பொய்னு இல்ல. நார்க்கழிவுன்னா எல்லாம் சேத்து முந்நூத்தி நாப்பதத் தாண்டாது.”

“அப்ப அதானே உண்மை?”

அவர் விண்ணப்பத்தின் நகலை மடித்துப் பையில் வைத்தார். அவள் ஒரு நாற்றின் தண்டை விரலால் நிமிர்த்தினாள். விரலை எடுத்ததும் அது சாய்ந்தது.

“ஒங்க கையெழுத்து நிமிந்து நிக்கட்டும்,” என்றாள். “செடி என்ன, செடி.”

அந்தச் சொல் அவருக்குள் ஆறு நாள் கிடந்து அறுத்தது. தாம் காத்தது உண்மையை அன்று, தம் பெயரைத்தான் என்பது இரண்டாம் நாளே அவருக்கு விளங்கிவிட்டது. ஆயினும் பேனாவை எடுக்க மேலும் நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் பன்னிரண்டில் ஏழு நாற்றுகள் அடித்தண்டு கறுத்து விழுந்தன. அவள் அவற்றைப் பிடுங்கவில்லை. சனிக்கிழமை அவர் திருத்திய கணக்கை எழுதினார். வாழ்நாளில் முதல்முறையாகத் தம் எண்ணைத் தாமே அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் இட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. ஆய்வாளர் எழுந்து நின்று புதிய கணக்கை வாசித்தார். நார்க்கழிவின் எடையை விளக்கினார். வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கு நேர்கீழே குடியிருந்த பல் வைத்தியர் கையை உயர்த்தினார்.

“போன தடவை ஐநூத்தி எம்பது. இந்தத் தடவை முந்நூத்தி நாப்பது. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்தா தொட்டி காத்துல மெதக்குமா சார்?”

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. மீன்தொட்டிக்காரர்தான் அதிகம் சிரித்தார். பிறகு வைத்தியர் குரலைத் தணித்துக்கொண்டு, ஐயாவைப் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் ஒரு தடவை மாறின எண்ணை எப்படி நம்புவது என்று கேட்டார். ஆய்வாளர் மறுக்க வாயெடுத்தார். ஆனால் வைத்தியரின் இடத்தில் இருந்திருந்தால் தாமும் அதையேதான் கேட்டிருப்பார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது மண் கிடைக்கிறது.

செயலாளர் அவர் முகத்தைப் பார்க்காமல், முடிவு எழுத்துமூலம் வரும் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை காவலாளி மணியடித்தபோது ஆய்வாளர் பால்கனியில் நின்றார். வெறுந்தொட்டியில் எங்கிருந்தோ பறந்துவந்த பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது. மனைவிதான் நாற்காலியை உருட்டிப்போய்க் கதவைத் திறந்தாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டான், போட்டாள். உறையைப் பிரித்து, ஒரு பக்கக் கடிதத்தை நிதானமாக, அடிவரை படித்தாள்.

ஐந்து உறுப்பினர்களின் கையெழுத்து வரிசையாக இருந்தது. அவற்றுக்கு மேல் காரணம் ஒரே வாக்கியத்தில் இருந்தது: விண்ணப்பதாரர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட ஐந்நூற்று எண்பது கிலோ என்னும் கணக்கையே சங்கம் ஏற்றுக்கொள்கிறது, தொட்டி ஏழு நாளுக்குள் அகற்றப்பட வேண்டும்.

அவர் உள்ளே வந்தார். அவள் மடியிலிருந்த முட்டை அட்டையைத் தரையில் இறக்கி வைக்கக் குனிந்து பார்த்தாள், எட்டவில்லை. அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து, அவர் கையில் கொடுத்தாள்.