பொழுது சாய்ந்த பின் தெளிக்கவும்

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது பியூன் முதல் ஜாயின்ட் செகரட்டரி வரை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பூச்சிமருந்துப் பிரிவில் செக்ஷன் ஆபீசர் நான். பெயர் அபிராமி. பெயரை மட்டும்தான் சாந்தமாக வைத்தார்கள் என்று லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். போன அக்டோபரில் அந்தக் கோபம்தான் ஒரு நல்ல காரியத்தைச் செய்து கொடுத்தது. அதற்காக நான் இன்னமும் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் பெரிதொன்றும் இல்லை. பூச்சிமருந்து டப்பாவின் லேபிளில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். பயிர் பூத்திருக்கும்போது பகலில் தெளிக்கக் கூடாது. தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பியதும், பொழுது சாய்ந்த பின் தெளிக்கவும். அவ்வளவுதான். மருந்தையே நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. பூவில் உட்கார்ந்திருக்கிற தேனீயின் தலையில் கொட்டாதே என்கிறோம். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு மூன்று வருடம் மேஜை மேஜையாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு புண்ணியவான் ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதி ஆறப்போட்டார். கடைசியில் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்து, அன்றைக்கே முடிவு செய்துவிடுவது என்றானது.

கூட்டத்தில் பேச நான் வரவழைத்தவர் செல்வராஜ். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை என்பதால் டெல்லியிலேயே தங்கி, தேன்பெட்டி வளர்க்க ஆரம்பித்திருந்தார். குளிர்காலத்தில் டெல்லியின் ஓரத்தில் நஜஃப்கர் பக்கம் கடுகு பூத்ததும் பெட்டிகளைக் கொண்டுபோய் வயல் வரப்பில் வைத்துவிடுவார். அந்த வருடம் ஜனவரியில் சுற்றியிருந்த கடுகு வயல்களில் ஒன்றில் யாரோ ஒருவர் அசுவினிப் பூச்சிக்காக உச்சிவெயிலில் மருந்து அடித்துவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பெட்டி வாசல்களில் தேனீக்கள் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. பாதிக்கு மேல் பெட்டிகள் காலி.

“இந்த வரி வந்துச்சுன்னா இந்தக் குளிருக்கும் பெட்டி வைப்பேன் மேடம்” என்று போனில் சொல்லியிருந்தார். “வரலைன்னா மிச்சம் இருக்கறத வித்துட்டு எங்கயாச்சும் செக்யூரிட்டி வேலைக்குப் போயிருவேன். இன்னொரு தடவ அதக் கையால அள்ளிக் கொட்ட எனக்குத் தெம்பு இல்ல.”

கூட்டத்தன்று அவரை அழைத்துப்போக வாசலுக்கு இறங்கி வந்தேன். நெட்டையான ஒரு ஹரியானாக்காரரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார்.

“இவரு ஜக்பீர் பையா, எனக்கு அண்ணன் மாதிரி. இவரு வயல் வரப்புலதான் பெட்டி வைக்கிறேன். எடத்துக்குன்னு ஒரு பைசா வாங்க மாட்டாரு. மதியச் சாப்பாடும் அவரு வீட்லதான்.”

“பாஸ் உங்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கு. அவர் இங்கயே இருக்கட்டும். ஜல்தி வாங்க, நேரமாச்சு.”

ஜக்பீர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி சட்டென்று கும்பிட்டு, வண்டியை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். வெட்கப்படுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே மருந்துக் கம்பெனிகளின் தரப்பில் நாற்காலி போதவில்லை. செல்வராஜ் நன்றாகவே பேசினார். பட்டாளத்துக் குரல், சுத்தமான ஹிந்தி. செத்த தேனீக்களைப் பற்றிச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே நிமிர்த்திக்கொண்டார். பிறகு கம்பெனிகளின் சார்பில் வந்தவர் எழுந்தார். கோட்டு சூட்டு, தேன் தடவிய பேச்சு.

“இவருடைய நஷ்டத்துக்கு நாங்களும் வருந்துகிறோம். ஆனால் இவர் மருந்து அடிப்பவர் இல்லையே. அடிக்கிற விவசாயிக்கு ஆள் கிடைப்பது பகலில். சாயங்காலம் பனி, இருட்டு. நடக்காத ஒன்றை லேபிளில் அச்சடித்து யாருக்கு என்ன லாபம்? நடக்கும் என்று சொல்ல இந்த அறையில் ஒரு விவசாயியாவது இருக்கிறாரா?”

இல்லை. விவசாயச் சங்கங்களுக்கு நான் அழைப்பு அனுப்பியிருந்தேன், போனும் செய்திருந்தேன். விதைப்புச் சமயம், ஒருவரும் வரவில்லை. கூட்டத்தின் தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். “டீ குடித்துவிட்டு வருவோம். அதன்பின் இந்த அம்சத்தை நீக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்” என்று பேனாவை மூடினார்.

வராந்தாவில் செல்வராஜ், “விடுங்க மேடம். நீங்க என்ன செய்வீங்க” என்றார்.

“எதை விடறது? மூணு வருஷம் நாய் படாத பாடு பட்டிருக்கேன்.” அப்போதுதான் பொறி தட்டியது. “உங்களைக் கூட்டிட்டு வந்தாரே, அவர் வயலுக்கு மருந்து அடிப்பாரா?”

“கடுகு போடறவரு அடிக்காம இருப்பாரா? ஆனா சபையில வந்து பேசற ஆளு இல்ல மேடம்.”

செருப்புச் சத்தம் கட்டடமே கேட்கும்படி வேப்பமரத்தடிக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் ஜக்பீர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். “எனக்குப் பேச வராது மேடம்ஜி. என்னை விட்டுருங்க.” அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. வாயில் வந்த ஹிந்தியிலெல்லாம் பொரிந்து தள்ளினேன்.

“நல்லது. நீங்க பைக்குக்குக் காவல் இருங்க. அந்த மனுஷன் பெட்டிய வித்துட்டு வேற எவன் வீட்டு வாசல்லயோ காவல் நிக்கட்டும்.”

“ஃபௌஜி பெட்டியை விக்கப் போறாரா?” ஊரில் செல்வராஜுக்கு அதுதான் பெயராம், ஃபௌஜி, பட்டாளத்துக்காரர். “என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“இந்த வரி போச்சுன்னா வித்துடுவார்.”

ஜக்பீர் வண்டிச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, “சலியே, போகலாம்” என்றார். ரிசப்ஷனில் சண்டை போட்டு பாஸ் வாங்கி, டீக்கோப்பைகளை எடுப்பதற்குள் அவரைக் கூட்ட அறையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சாயங்காலத்தில் மருந்து அடிக்க முடியுமா என்று தலைவர் கேட்டார்.

“முடியும் சாஹிப். கஷ்டம்தான். பனியில கை விறைச்சுப் போகும். இருட்டின பிறகு வேலைக்கு ஆள் வராது, நானேதான் அடிக்கணும். வீட்டுலயும் திட்டுவா. ஆனா முடியும். போன பிப்ரவரியில அப்படித்தான் அடிச்சேன். பூச்சியும் செத்தது, பெட்டிக்கும் ஒண்ணும் ஆகலை.”

கோட்டுக்காரர் சிரித்தார். “தேன்காரரின் நண்பர். இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதை நானே பார்த்தேன். சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். இதையெல்லாம் சாட்சி என்று எடுத்துக்கொள்ளலாமா?”

அதுவும் சரிதான் என்பதுபோல் தலைவரும் தலையாட்டினார். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் தொலைந்தது என்று நினைத்தேன். அப்போது ஜக்பீர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை சாஹிப். ஜனவரியில இவரோட தேனீயெல்லாம் செத்துச்சே, அந்த மருந்தை அடிச்சது நான்தான். உச்சிவெயில்ல அடிச்சேன். சாயங்காலம் இவர் குனிஞ்சு கையால அள்ளிட்டிருந்தார். யார் அடிச்சதுன்னு என்கிட்டயே கேட்டார். தெரியாதுன்னு சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து பொழுது சாயாம நான் ஸ்ப்ரேயரைத் தொட்டதில்லை.” கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “டப்பாவுல அப்படி எழுதியிருந்தா அன்னிக்கே தொட்டிருக்க மாட்டேன். எனக்குப் படிக்கத் தெரியும் சாஹிப்.”

செல்வராஜைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தேன். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

“இந்த வரி இருக்கட்டும். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?”

கோட்டுக்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். மூன்று வருடம் நான் கத்தியதெல்லாம் ஆகாததை அந்த மனிதர் தன் மானத்தைக் கொடுத்து வாங்கித் தந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து கீழே வந்தோம். ஜக்பீர் எங்களுக்கு முன்பே போய் வண்டியருகே தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். செல்வராஜ் விறுவிறுவென்று நடந்தார். பட்டாளத்துக் கை, ஏதாவது ஏடாகூடமாகிவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

“இத்தனை மாசம் உன் வீட்டு ரொட்டியைத் தின்னிருக்கேன்” என்றார் ஹிந்தியில். “தனியா என்கிட்ட சொல்லியிருந்தா உன்னை அடிச்சிருப்பேன்.”

“அடி ஃபௌஜி.”

செல்வராஜ் அடிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “வயிறு எரியுது மேடம்” என்றார் தமிழில். “ஆனா இவன் மட்டும் இன்னிக்கு வாயத் தொறக்கலைன்னா...”

நான் ஜக்பீரைப் பார்த்துக் கைகூப்பினேன். “நீங்க செஞ்சதுக்குத் திட்டணும்னுதான் வாயில வருது பையா. ஆனா இன்னிக்கு நீங்க சொன்னதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ரொம்ப நன்றி.” அலுவலகத்தில் நான் நன்றி சொல்லி யாரும் கேட்டதில்லை. வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஜக்பீர் வண்டியில் ஏறி, ஃபௌஜி தன்கூட வருவாரா பஸ் ஏறிவிடுவாரா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். செல்வராஜ் பஸ் ஸ்டாப் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டியருகில் போனார்.

“கடுகு விதைச்சாச்சா?”

“நேத்துதான் முடிஞ்சுது.”

“பூ வந்ததும் போன் போடு. பெட்டியைக் கொண்டாறேன். உன் வரப்புலதான் வைப்பேன்.”

ஜக்பீர் தலையை ஆட்டினார். சாவியைப் போடப் பார்த்தார். அது உள்ளே போகவே மாட்டேன் என்றது. இன்னொரு தடவை முயன்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

செல்வராஜ் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“ஜனவரியிலேர்ந்து நீயும் தூங்கியிருக்க மாட்டே. தள்ளி பின்னால உக்காரு. நான் ஓட்டறேன்.”