ரத்தான தீர்ப்பு

“தீர்ப்பு தேட ஃபில்டர் எல்லாம் எதுக்குடி? எனக்கு அனுபவம் போதும்” என்றார் என் கணவர், கல்யாணமான புதிதில்.

“அப்ப அனுபவத்தையே தேடச் சொல்லுங்க” என்றேன்.

இருவருமே வக்கீல்கள். இணையத்தில் தீர்ப்புகளைத் தேடித் தருவது நான், வாதாடுவது அவர். எனக்கும் வாதாட ஆசைதான், வாய்விட்டுக் கேட்டதில்லை.

நேற்று இந்த மேதாவி தாமாகவே தேடினார். கட்சிக்காரரின் கதை முழுவதையும் தேடல் பெட்டியில் கொட்டி, முதலில் வந்த தீர்ப்பைப் பிடித்துக்கொண்டார். ரத்தான தீர்ப்புகளை விலக்கும் ஃபில்டரைத் தொடவேயில்லை. இன்று நீதிபதி, “இது எப்பவோ ரத்தாயிடுச்சே?” என்றதும் அசடு வழிந்தார். மதியம்வரை அவகாசம் கிடைத்தது.

நீதிமன்றம், ஆண்டு, ரத்தாகாதவை என்று வடிகட்டினேன். பொருத்தமான தீர்ப்பு ஒன்று மிஞ்சியது.

“கொடும்மா, நான் பாத்துக்கறேன்” என்று கையை நீட்டினார்.

“நீங்க பாத்தது போதும். மதியம் நான் வாதாடறேன், விடுங்க.”